அலம்பி அனுப்பிய பாட்டில்கள்

சுவெல்மாவின் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். நான் அரபு சொல்லிக்கொடுக்கிறவள், அவள் பௌதிகம். என் பக்கம் பிள்ளைகள் வினைச்சொல் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது அவள் பக்கமிருந்து ஒரு கூச்சல் கிளம்பும். ஏதோ சுற்றிவிட்டது, இல்லை மிதந்துவிட்டது, இல்லை வெடித்துவிட்டது என்று அர்த்தம். என் பிள்ளைகளின் கழுத்தெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடும்.

அவளிடம் இருந்த கருவிகள் எல்லாம் எங்கள் வீட்டுக் குப்பை. டூனா மீன் டப்பாவின் மூடி இரண்டும் சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றும் சேர்ந்தால் தராசு. எரிந்துபோன பல்பின் அடியைத் தட்டி எடுத்துத் தண்ணீர் ஊற்றினால் லென்ஸ். மருந்தகத்து ஊசிக்குழாய், நிவாரண எண்ணெய் டின், செத்துப்போன ரேடியோவின் காந்தம், எதுவும் அவள் கைக்குத் தப்பாது. "தூக்கிப் போடாதே, சுவெல்மாகிட்ட குடு" என்பது எங்கள் அகதி முகாமில் பழக்கமாகிவிட்டது.

சஹ்ராவிகளான எங்களுக்கு நாடு, அதைப் பிடித்துக்கொண்டவர்கள் எழுப்பிய மணல் அரணுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தப் பக்கம் அல்ஜீரியாவின் கல்பாலையில் கூடாரமும் மண்வீடுமாகக் கிடக்கிறோம். நானும் அவளும் பிறந்ததே இங்கேதான். சிறுமியாக இருக்கும்போதே அவளைக் கியூபாவுக்குப் படிக்க அனுப்பினார்கள். இளம்பெண்ணாகத் திரும்பி வந்தாள். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பித்தளைத் தராசு இருந்ததாம். பக்கத்தில் மூச்சு விட்டாலே முள் ஆடுமாம்.

"நான் ஒவ்வொண்ணா செஞ்சு காட்டறப்ப பிள்ளைங்க கை தட்டுதுங்க, ஸல்கா" என்றாள் ஒரு நாள், கோப்பைக்குக் கோப்பை உயரத்திலிருந்து தேநீரை ஊற்றி நுரை கட்டிக்கொண்டே. "எனக்குத்தான் சந்தோஷமா இல்ல."

"ஏன்டி? அதுங்களுக்குப் புரியுதுல்ல?"

"தராசுன்னா என்னன்னு புரியுது. எடை போடத்தான் தெரியல. இங்க முடிச்சு அல்ஜீரியாக்காரன் பள்ளிக்கூடத்துக்குப் போறப்ப, நிஜ சாமானைத் தொடவே பயப்படுதுங்க. போன வருஷம் போன பொண்ணு சொல்லிச்சு, 'டீச்சர், மைக்ராஸ்கோப்புல எந்தக் கண்ணை வைக்கணும்னு தெரியாம நின்னேன், சிரிச்சுட்டாங்க'ன்னு."

அல்ஜீரியாவின் கடலோர நகரமான ஓரானில் ஆய்வுக்கூட ஆசிரியர்களுக்கு ஒரு படிப்பு இருந்தது. அதற்கு விண்ணப்பித்திருந்தாள். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் முகாமை விட்டு வெளியேற அனுமதிச் சீட்டு கிடைக்கும். அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருந்த நாட்களில்தான் ஸ்பெயினிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள்.

ஒரு உதவிச் சங்கத்துக்காரர்கள். தலைவி பெயர் மைத்தே. நரைத்த குட்டை முடி, நல்ல சிரிப்பு. எங்கள் தலைமையாசிரியர் சிதாத்தி அண்ணன் அவர்களை நேராகச் சுவெல்மாவின் வகுப்புக்குத்தான் அழைத்துப்போனார். அவளும் ஒன்று விடாமல் காட்டினாள். பேட்டரி மேல் செம்புக் கம்பிச் சுருள் கிறுகிறுவென்று சுற்றியதும் மைத்தேயின் கண்கள் கலங்கிவிட்டன. கேமராக்கள் மொய்த்தன.

சுவெல்மா கியூபாவில் கற்ற ஸ்பானிஷில் கேட்டாள். நான் வாசலில் நின்றிருந்தேன். சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு ஸ்பெயினில் ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்ததால் எனக்கும் அந்த மொழி கொஞ்சம் புரியும்.

"எங்களுக்கு ஒரு நல்ல தராசும், ஒரு மைக்ராஸ்கோப்பும் கெடைச்சா உதவியா இருக்கும்."

மைத்தே அவள் தோளைப் பிடித்து உலுக்கிச் சிரித்தாள். "உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நாங்கதான் உங்ககிட்ட கத்துக்கணும்! எங்க பிள்ளைங்களுக்கு எல்லாம் இருக்கு, அதான் ஒண்ணும் தெரியல."

சுவெல்மா சிரித்த மாதிரி உதட்டை வைத்துக்கொண்டாள். சங்கம் கட்டாயம் ஏதாவது அனுப்பும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சொன்னபடியே அனுப்பினார்கள். குளிர்காலத்தில் லாரியில் ஒரு பெரிய மரப்பெட்டி வந்து இறங்கியது. மேலே அவள் பெயர். பள்ளிக்கூடமே கூடிவிட்டது. "மைக்ராஸ்கோப்பாத்தான் இருக்கும், கனமா இருக்கு பாரு" என்று பிள்ளைகள் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். சிதாத்தி அண்ணனே கடப்பாரை போட்டு நெம்பினார்.

உள்ளே காலி பிளாஸ்டிக் பாட்டில்கள். பால் அட்டைப் பெட்டிகள், தயிர்க் கோப்பைகள், பை பையாகப் பாட்டில் மூடி, பழைய சிடி, உறிஞ்சு குழல் கட்டுகள். எல்லாம் பளிச்சென்று அலம்பி, துடைத்து, வகை வகையாகப் பிரித்து அடுக்கியிருந்தது. மேலே ஒரு பெரிய தாளில் வண்ணப் படம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுவெல்மா டீச்சருக்காக மாதக்கணக்காகச் சேர்த்ததாம்.

கூட்டத்தில் ஒரு கிழவர், "கடல் தாண்டிக் குப்பை அனுப்புறாங்களா? நம்மகிட்ட இல்லாத குப்பையா?" என்றார். யாரோ சிரித்தார்கள். சுவெல்மா ஒரு பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தாள். "சோப்பு போட்டுக் கழுவியிருக்காங்க, பாவம்" என்றாள். அப்புறம் வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் கையெழுத்து கேட்கப் போனவள் என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள்.

"மறுபடியும் ஓரானா?" என்று சிதாத்தி அண்ணன் நெற்றியைத் தேய்த்தார். மோசமான மனிதர் இல்லை அவர். வெள்ளத்தில் பள்ளிக்கூடம் கரைந்து போனபோது கூடவே நின்று மண்செங்கல் அறுத்தவர். "தங்கச்சி, நீ போயிட்டா அந்த வகுப்பை யார் பாக்கறது?"

"படிச்சிட்டுத் திரும்பி வருவேன், அண்ணே."

"கணக்கு வாத்தியாரும் இதைத்தான் சொன்னாரு. பிரெஞ்சு டீச்சரும் சொன்னா. அவங்கள்லாம் இப்ப எங்க இருக்காங்க? யாராவது திரும்பினாங்களா, சொல்லு."

அவள் விண்ணப்பத் தாளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"மத்தவங்கன்னா சாமான் இல்லாம பாடம் நடத்த முடியாதுன்னு கையை விரிச்சிருவாங்க. நீ தகரத்துல தங்கம் எடுக்கறவ. உன்னை எப்படி விடறது?"

வெளியே வந்ததும் காற்று முகத்தில் மணலை அறைந்தது. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு அவள் சொன்னாள்: "கை மட்டும் கொஞ்சம் மந்தமா இருந்திருந்தா, இந்நேரம் ஓரான்ல இருந்திருப்பேன்டி."

"நிஜமாவே திரும்பி வந்திருப்பியா?"

"தெரியல" என்றாள்.

அந்த வாரமே சங்கத்திலிருந்து செய்தி வந்தது. நன்றி சொல்லி ஒரு வீடியோ வேண்டுமாம். பாட்டில் சேர்த்த பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுகிறார்களாம். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். சிதாத்தி அண்ணன் கெஞ்சினார். கடைசியில் ஒப்புக்கொண்டாள்.

அண்ணன் லிபியாவில் படித்தவர், ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. தானே போனைப் பிடித்துக்கொண்டு, "சிரிச்ச முகமா பேசு" என்றார். என்னை ஜன்னல் துணியை விலக்கிப் பிடித்து வெளிச்சம் காட்டச் சொன்னார்.

சுவெல்மா சிரித்த முகமாகத்தான் பேசினாள். "பிள்ளைங்களா, பாட்டில் வந்துச்சு. ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. உங்க கைக்கு நன்றி. இப்ப எங்க சாமானைக் காட்டறேன். இது தராசு. ஊசிக்குழாயால தண்ணி அளந்து மூடியில ஊத்தினா அதுதான் எடைக்கல்லு. ஆனா அரை கிராமுக்குக் கீழ இதுக்குக் கண்ணு தெரியாது. இந்தச் சிட்டிகை உப்பைப் போடறேன், பாருங்க, அசையுதா? அசையல."

துணியை மறந்து நான் அவளையே பார்த்தேன். வெளிச்சம் அவள் முகத்திலிருந்து நழுவியது. "துணியை ஒழுங்காப் பிடி" என்று அண்ணன் சீறினார்.

"இது லென்ஸ். எறும்போட காலைக் காட்டும். எங்க கிணத்துத் தண்ணியில வயித்து வலி கொடுக்கறது எதுன்னு காட்டாது. நான் கெட்டிக்காரின்னு எல்லாரும் சொல்றாங்க. கெட்டிக்காரத்தனம் பசி மாதிரி, வேற வழியில்லாதப்பதான் வரும். உங்க பள்ளிக்கூட அலமாரியில இருக்கிற தராசை எடுத்துட்டு இதை வச்சா உங்க அம்மா ஒத்துக்குவாங்களா? கேட்டுப் பாருங்க. பதில் எழுதுங்க."

"முடிஞ்சுதா?" என்றார் அண்ணன். "அருமை! கண்ணுலயே நன்றி தெரியுது" என்று அப்போதே அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் அவருக்கு விஷயம் எட்டியது. யாரோ மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியர்கள் எல்லாரும் இருக்கும்போதே கத்தினார். "என் கையாலேயே என் முகத்துல கரியைப் பூச வச்சுட்டியே! அந்தச் சங்கம் குடுத்த நோட்டுப் புத்தகமும் இனி வராது, தெரியுமா?"

வரவும் இல்லை. அந்த வருஷம் பிள்ளைகள் பழைய நோட்டுகளின் ஓரத்தில் எழுதினார்கள். சில ஆசிரியைகள் சுவெல்மாவிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவள் போகிற பாதையில் ஒரு தாய், "உன் ரோஷத்தை என் பிள்ளை திங்குமா?" என்று கேட்டாள். வீடு, வகுப்பு, தண்ணீர்த் தொட்டி. இந்த மூன்றுக்கும் நடுவில் தலை குனிந்தே நடந்தாள் அவள்.

பேரீச்சம்பழக் காலம் முடிகிற சமயம் மைத்தே வந்தாள். கூட்டம் இல்லை, கேமரா இல்லை. தோளில் ஒரு பை. சுவெல்மாவின் வீட்டுக் கம்பளத்தில் எங்களோடு உட்கார்ந்து, முதல் கோப்பைத் தேநீரைக் குடித்து முடித்தாள். பிறகு, "உன் மேல எனக்குக் கோபம்" என்றாள். "பிள்ளைங்களை அழ வச்சுட்ட."

"அழட்டும்னு சொல்லல. கேள்விதான் கேட்டேன்."

"அதுங்க வீட்டுல போய்க் கேட்டுச்சுங்க. அம்மாக்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டாங்க." மைத்தே பையைத் திறந்தாள். துணியில் சுற்றி ஒரு மைக்ராஸ்கோப், மரப்பெட்டியில் ஒரு தராசு. "அவங்க அலமாரியிலிருந்தே எடுத்துக் குடுத்தாங்க. மடியில வச்சுத்தான் கொண்டுவந்தேன். வேற என்ன வேணும், சொல்லு."

"நான் இங்கிருந்து வெளிய போகணும்."

மைத்தே கோப்பையைக் கீழே வைத்தாள். "அதைப் பையில போட்டுக் கொண்டுவர முடியாதே, பெண்ணே" என்றாள்.

மைக்ராஸ்கோப்பைப் பார்த்ததும் சிதாத்தி அண்ணனின் கோபம் தணிந்தது. குனிந்து பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தார். "அதான் எல்லாம் வந்துடுச்சே, தங்கச்சி! இனி ஓரான் எதுக்கு?"

சுவெல்மா என்னைப் பார்த்தாள். சிரித்தாள். அடக்க முடியாமல், முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் நிறுத்தவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் என் கையைப் பிடித்து அவள் வகுப்புக்கு இழுத்துப்போனாள். "உட்கார். கம்பியைச் சுரண்டு."

"எனக்கு எதுக்குடி? நான் அரபு டீச்சர்."

"உனக்குக் கை இருக்குல்ல?"

அவள் எதற்குச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உட்கார்ந்தேன். நான் செய்த முதல் மோட்டார் சுற்றவில்லை. இரண்டாவது சூடாகி விரலைச் சுட்டது. "இலக்கணம் மாதிரிதான்டி, எங்க தொடுதுன்னு பாரு" என்று திட்டினாள். மாதங்கள் போனதில் தராசின் முள்ளை நிறுத்தவும், கண்ணாடித் துண்டில் நீர்த்துளியைக் குமிழி இல்லாமல் மூடவும் கை பழகிவிட்டது. ஒரு காலையில் அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, நான் தனியாக வகுப்பெடுத்தேன். சிதாத்தி அண்ணன் வாசலில் நின்று மணி அடிக்கும்வரை பார்த்தார். எங்களைப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அந்த வாரம் கையெழுத்துப் போட்டார்.

அவளை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பும்போது அவள் அழவில்லை. நான்தான் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பெட்டியில் வந்த பாட்டில்களில் பாதி இன்னும் மிச்சம் இருந்தன, என்னிடம்.

இப்போது காலையில் அரபு, மதியம் பௌதிகம். இடையில் எனக்கு ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. போன மாதம் என் அக்கா ஸ்பெயினிலிருந்து கூப்பிட்டாள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையாம், கைக்குழந்தையோடும் வரலாமாம், தங்க இடமும் உண்டாம். அனுமதிச் சீட்டுக்குக் கையெழுத்து வேண்டிச் சிதாத்தி அண்ணனிடம் போய் நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் கோப்பைத் தேநீரை என் பக்கம் தள்ளினார். "முதல்ல குடி, ஸல்கா" என்றார். அவர் பேனாவை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சுவெல்மா வெள்ளிக்கிழமைகளில் போனில் பேசுகிறாள். ஓரானில் கடல் ஈரத்துக்குத் துணியே காய்வதில்லையாம். ஆய்வுக்கூடத்துக்குத் தனிச் சாவியே கொடுத்திருக்கிறார்களாம். என் வகுப்பில் ஒருவன் கண்ணாடித் துண்டை உடைத்துவிட்டதைச் சொன்னேன். "அழுதானா? அடிக்காதே" என்றாள். குழந்தையைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். எப்போது வருகிறாய் என்று கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் காற்று எழுந்து சிக்னல் போய்விட்டது.