வாயாடி திறக்கவில்லை

கம்பைலரால் புரோகிராமை உருவாக்க முடியவில்லை என்று அந்தக் கறுப்புத் திரையில் மறுபடியும் அதே வரி வந்ததும், தம்பி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான். ஜன்னலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காலையிலிருந்து அந்த வரி வரும்போதெல்லாம் அவன் எழுந்துபோய் எதையாவது திறக்கிறான், இல்லாவிட்டால் மூடுகிறான். கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த என் கணவர் கண்ணை மட்டும் அவன் பின்னாலேயே அனுப்பிக்கொண்டிருந்தார். அவரால் அனுப்ப முடிந்தது அதை மட்டும்தான். நான் கால்மாட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவருக்கு வந்திருப்பது தசைகளை ஒவ்வொன்றாக வேலையை விட்டு அனுப்புகிற நோய். முதலில் கை, பிறகு கால், அப்புறம் நாக்கு. இது இப்படித்தான் போகும் என்று டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், விரல்கள் இன்னும் கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே அவர் தன் பேச்சுக்கு ஏற்பாடு செய்துகொண்டார். யாரோ எழுதிப் பாதியில் கைவிட்ட ஓர் இலவசப் புரோகிராமை இணையத்திலிருந்து எடுத்து, தமிழ் பேசுகிற மாதிரி அவரே மாற்றி எழுதினார். திரைக்குக் கீழே ஒரு கேமரா இருக்கிறது. கண் எந்த எழுத்தில் நிற்கிறது என்று அது பார்க்கும். எழுத்துகள் சேர்ந்து வாக்கியமானதும் ஸ்பீக்கர் அதை உரக்கச் சொல்லும். குரல் என்னவோ பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்கிற ஆளின் குரல்தான். பேச்சு மட்டும் அச்சு அசல் அவருடையது. "சாப்பாட்டுல உப்பு இல்ல." "ஃபேனைக் குறை." "உன் தம்பிக்கு முன்னாடி முடி கொட்டுது, இப்பவே ஒரு பொண்ணு பாரு." வாய் நன்றாக இருந்தபோது பேசியதைவிட அதில்தான் அதிகம் பேசினார். வாயாடி என்று அதற்குப் பெயர் வைத்தது நான்.

அந்த வாயாடியின் வாயை அடைத்தது என் தம்பி. வெப்சைட் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறான். இந்தக் கம்ப்யூட்டர்க்காரர்களிடம் ஒரு வியாதி உண்டு: அப்டேட் காத்திருக்கிறது என்று திரை மூலையில் ஒரு பெட்டி வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. போன வாரம் நான் அவரைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "என்னக்கா இது, வருஷக்கணக்கா அப்டேட்டே பண்ணாம வெச்சிருக்கீங்க" என்று பின்னால் குரல் கேட்டது. நான் ஈரத் துணியைப் பிழிந்துவிட்டு அவரைத் திருப்புவதற்குள் அழுத்திவிட்டான். எல்லாம் முடிந்து கம்ப்யூட்டர் புதுப் பொலிவோடு எழுந்து வந்தது. வாயாடி மட்டும் திறக்கவில்லை.

கடையில் வாங்கிய புரோகிராம் என்றால் இன்னொன்று வாங்கிப் போட்டிருக்கலாம். இது அவர் கையால் எழுதியது. அவர் எழுதிய மூலநிரல் அப்படியே பத்திரமாக இருக்கிறது. அதை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருகிற கம்பைலர்தான் தகராறு செய்கிறது என்று தம்பி விளக்கினான். "மாவு இருக்குக்கா. அடுப்புதான் பத்த மாட்டேங்குது." ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் நான். வண்டி கிளம்பாவிட்டால் முதலில் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்த அடுப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் டாக்டரம்மா வரப்போகிறார். என் கணவருக்கு மூச்சு குறைந்துகொண்டே வருகிறது. தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷின் வைப்பதா, வேண்டாமா என்று போன தடவை வந்தபோதே டாக்டரம்மா கேட்டார். வைத்தால் வருஷங்கள் ஓடும், ஆனால் மெஷினை விட்டு இறங்க முடியாது. வைக்காவிட்டால் மாதங்கள். அதற்கு வாயாடி, "பதில் நீளம். அடுத்த தடவை சொல்றேன்" என்றது. டாக்டரம்மா போன பிறகு, "என்கிட்ட மட்டும் இப்ப சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன். "டாக்டரும் நீயும் இருக்கும்போது ஒரே தடவை சொல்வேன்." அதோடு கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நாள்தான் தம்பி வந்து அப்டேட் செய்தான்.

வாயாடி இல்லாமலும் அவர் பேசலாம். அதற்கு என்னிடம் ஒரு பழைய அட்டை இருக்கிறது. உயிரா, வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்று நான் வரிசையாகக் கேட்பேன். சரியான வரிசை வந்ததும் அவர் கண்ணை மேலே தூக்குவார். பிறகு அந்த வரிசையில் எந்த எழுத்து, அதற்கு என்ன கொம்பு, என்ன கால் என்று போகும். பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்யச் சொன்னபோது எந்தக் காலத்துக்கு இது என்று முணுமுணுத்திருக்கிறேன். ஆனால் அட்டையில் ஒரு சிக்கல். அதில் அவர் நினைப்பதை நான்தான் எழுத்து எழுத்தாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தப் பதிலை என் வாயால் சொல்லவைக்க அவருக்கு மனமில்லை. அட்டையை எடுத்துக் கேட்டபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று எனக்குத் தோன்றியது. அவர் சுபாவம் அப்படி. இன்னொன்றும் எனக்குத் தெரியும். எதுவும் சொல்லாமலே மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள், குழாயைப் போட்டுவிடுவார்கள். அதையும் டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். ஆக, வாயாடி திறக்காதவரை அவர் இருப்பார். என் கணக்கு அவ்வளவுதான். திரையில் பிழை வரும்போதெல்லாம் எனக்கு ஏன் நிம்மதி என்று இப்போது புரிந்திருக்கும்.

தம்பி கம்பைலரை எடுத்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடி எடுத்தான், போட்டான். போனில் எதையோ படித்து அதில் சொன்னபடி செய்தான். அதே வரி. அவர் கண் மேலே ஏறியது. பேச வேண்டும் என்று அர்த்தம். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒரு போர்வையை உதறி, நிதானமாக மடித்தேன். கண் இறங்கி மறுபடி ஏறியது. மடித்த போர்வையையே பிரித்து மடித்தேன். மூன்றாம் தடவை நிமிர்ந்தபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கோபம் இல்லை. நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்த பார்வை. நோய் அவர் வாயைக் கட்டியது போதாதென்று நானும் கட்டிக்கொண்டிருந்தேன். அட்டையை எடுத்தேன்.

"உயிரா? வல்லினமா? மெல்லினமா? இடையினமா?" கண் ஏறியது. ய, ர, ல. ல-வில் ஏறியது. பிறகு கால். அப்புறம் க். கொஞ்ச நேரத்தில் சேர்த்துப் படித்தேன். "லாக் படி."

தம்பியின் காது சிவந்துவிட்டது. "மாமா, அதான் ஸ்கிரீன்லயே எரர் வருதே."

அவர் கண்ணைத் தூக்கவில்லை. அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் வீட்டிலிருந்தே போனில் ஆட்களைத் திட்டுவார். எல்லாத் திட்டும் இந்த ஒரு கேள்வியில்தான் ஆரம்பிக்கும்: லாக் படிச்சியா? மெஷின் தான் செய்த ஒவ்வொன்றையும் ஒரு ஃபைலில் எழுதிவைக்குமாம். திரையில் வருவது கடைசி ஒப்பாரி மட்டும்தான், என்ன நடந்தது என்பது அந்த ஃபைலில் இருக்கும் என்பார். தம்பி அதைத் திறந்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டே போனான். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"அட! அக்கா, புது கம்பைலர் நல்லாத்தான் இருக்கு. மாமா எப்பவோ பழைய கம்பைலரோட பேரை செட்டிங்ல எழுதி வெச்சிருக்கார். நான் பண்ணின அப்டேட்ல அது போயிடுச்சு. வீட்டுல இல்லாத ஆளையே பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு, யாருமே இல்லன்னு சொல்லிட்டு இருக்கு."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. இப்போதெல்லாம் அதுதான் சிரிப்பு.

தம்பி பெயரை மாற்றினான். இப்போது பழைய வரி வரவில்லை. அதற்குப் பதிலாக மழை மாதிரி வேறு பிழைகள் கொட்டின. புது கம்பைலர் கறாரான ஆசாமியாம், பழைய காலத்து எழுத்தில் தொட்டதற்கெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கிறது. மறுபடி அட்டை. "பழசு போடு" என்றார். பழைய கம்பைலர் இப்போது எங்கேயும் தயாராகக் கிடைப்பதில்லை, அதையும் மூலநிரலிலிருந்துதான் கட்ட வேண்டும் என்றான் தம்பி. "கம்பைலரைக் கட்டறதுக்கு ஒரு கம்பைலர் வேணும்க்கா. நல்ல வேளை, கையில புதுசு இருக்கு." அது கேட்ட துணைச் சரக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி இறக்கி, கடைசியில் ஓட்டிவிட்டான். கம்ப்யூட்டர் விசிறி இரைய ஆரம்பித்தது. எழுத்துகள் திரையில் மேலே மேலே ஓடின. டாக்டரம்மா வருவதற்குள் முடிந்தால் உண்டு, நடுவில் நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, பசி தாங்காமல் சாப்பிடப் போனான்.

அப்போதுதான் அவருக்குத் தொண்டையில் சளி கட்டியது. மூச்சில் அந்தக் களகள சத்தம் வந்துவிட்டால் உடனே மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பிளக். அதில் கம்ப்யூட்டர் சொருகியிருந்தது. பேட்டரி எப்போதோ செத்துப்போன கம்ப்யூட்டர் அது. பிடுங்கினால் அந்த நிமிஷமே அணைந்துவிடும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. புருஷனுக்கு மூச்சு முட்டுகிறது, பிடுங்கினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டுப் போய்விடுவார். பதில் தள்ளிப்போகும். என் கை பிளக்கைத் தொட்டுவிட்டது, சூடாக இருந்தது. அவர் என் கையைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடி, மூச்சோடு போராடிக்கொண்டிருந்தார். எக்ஸ்டென்ஷன் வயர் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் இருப்பது எனக்குத் தெரியும். ஓடிப்போய் எடுத்துவந்து, ஹால் பிளக்கிலிருந்து இழுத்து, சளி மெஷினை ஓட்டினேன். சத்தம் அடங்கி அவர் கண்ணைத் திறந்தபோது, திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்த தம்பி, "என்னக்கா, ஒரு குரல் கொடுத்திருக்கலாம்ல?" என்றான்.

பழைய கம்பைலர் கட்டி முடிந்தது. வாயாடியின் மூலநிரலை அதனிடம் கொடுத்ததும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வேலையை முடித்துவிட்டது. திரையில் எழுத்துப் பலகை வந்தது. தம்பி, தானே பிள்ளை பெற்ற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். கேமரா அவர் கண்ணைப் பழகிக்கொள்ளத் திரையில் புள்ளிகள் காட்டியது. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கவும் அழைப்பு மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

டாக்டரம்மா கை கழுவிவிட்டு வந்து, நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவசரப்படுகிற மனுஷி இல்லை. "சொல்லுங்க சார். கேட்கத்தான் வந்திருக்கேன்."

நான் என் கணவருக்கு எதிரே, திரைக்குப் பக்கத்தில் நின்றேன். வேண்டாம் என்று அவர் சொன்னால் என்னென்ன சொல்லிச் சண்டை போடுவது என்று இந்த ஒரு வாரமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். அவர் கண் பலகையில் ஊர்ந்தது. பஸ் நிலையக் குரல் வந்தது.

"நான் யோசிச்சு வெச்சுட்டேன்."

டாக்டரம்மா தலையாட்டினார். கண் மறுபடி ஊர்ந்தது. இந்தத் தடவை வெகுநேரம் எடுத்தது.

"ஆனா இவளை இதுவரைக்கும் யாரும் கேட்கலை. நானும் கேட்கலை." அப்புறம், "முதல்ல நீ சொல்லு."

நடுரோட்டில் லாரிக்காரனிடம் சரிக்குச் சரி நின்று கத்துகிற வாய் என்னுடையது. ஆனால் ஒரு வாரமாக எழுதி வைத்ததெல்லாம் அவர் பதிலுக்கு எதிர்ப்பேச்சு. எனக்கு என்ன வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அவர் இருக்க வேண்டும். ஒரு நாளாவது நடுவில் எழுந்து அவரைத் திருப்பிப் படுக்கவைக்காமல் விடியும்வரை தூங்கவும் வேண்டும். இரண்டும் நிஜம். இரண்டையும் அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வேன்?

அப்போது கம்ப்யூட்டர் டிங் என்றது. பலகை மங்கி, திரை முழுக்கச் சிவப்பில் எழுத்து வந்தது: கண்கள் தெரியவில்லை.

தம்பி பதறி எழுந்தான். "ஐயோ, மறுபடியுமா!"

"ரிப்பேரா?" என்றார் டாக்டரம்மா.

"ரிப்பேர் இல்லடா, உட்காரு" என்றேன் தம்பியிடம். என் கணவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது மறுபடி டிங் என்று கூப்பிட்டது. அவர் கண் திரும்பவில்லை.