புரவலரின் மேடையில் நவமணி

ஸ்கந்தராஜாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். காது கேளாதோர் பத்திரிகைக்கு ஆசிரியராக இருக்க அவரிடம் இருந்த ஒரே தகுதி அதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அந்தப் பத்திரிகையைத் தொடங்கியவள் நவமணி. எட்டு வயதில் காய்ச்சலில் காது போனாலும் பேச்சும் எழுத்தும் அவளிடம் தங்கிவிட்டன. எதிரில் நிற்பவர் வாயைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிடுவாள். யாருக்கு எங்கே வேலை, யாருக்குக் கல்யாணம், எந்த முதலாளி ஏமாற்றுகிறான், எல்லாம் ஒரே தாளில். மலேசியாவில் ரப்பர் தோட்டத்துக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தவர்களுக்கு வேறு எப்படிச் செய்தி போகும்? பிறகுதான் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அதிகாரி ஸ்கந்தராஜா ஒரு பழைய சைக்ளோஸ்டைல் நகல் இயந்திரத்தோடு ஈப்போ காது கேளாதோர் சங்கத்துக்குள் நுழைந்து ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் அவர் உரை, அடுத்ததில் அவர் கவிதை. இயந்திரத்துக்கு வாயிருந்தால் அழுதிருக்கும்.

எழுபத்தெட்டில் பக்கத்து ஊரான சிம்பாங் பூலாயில் பலகை ஆலை ஒன்றின் ரம்பம் சன்னாசியின் மூன்று விரல்களைத் தின்றது. அவனுக்கு முன்னால் இன்னொருவனுக்கும் அதே கதி. இரைச்சலைப் பற்றிக் குறை சொல்லமாட்டார்கள் என்று முதலாளி அப்பாவு செவிடர்களாகப் பார்த்துத்தான் ஆள் எடுத்தார். அவர்களுக்கோ விரல்தான் நாக்கு. சன்னாசியின் பேச்சு இப்போது பாதியில் நின்றுவிடுகிறது. நவமணி இதையெல்லாம் எழுதிக் கொடுத்ததை ஸ்கந்தராஜா ஒரே கோட்டில் அடித்தார்.

"உதெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை? ஆண்டு விழாவுக்கு அப்பாவுதான் எங்கட புரவலர். லொறியோடை வாறார், பத்துப் பெடியங்களுக்கு அண்டைக்கே ஆலையிலை வேலை. இடமும் காணாது, என்ர கவிதை கிடக்கு."

"வெரலு போயிருச்சி சார்! நம்ம பசங்க தெரிஞ்சிக்கணும்லா!"

அவர் கவிதைக்கு மெய்ப்புப் பார்க்கப் போய்விட்டார்.

விழாவன்று தன் பேச்சைக் கையால் சொல்லும்படி அவளையே மேடையில் நிறுத்தினார். செவிடன் காதில் சங்கு ஊதியது போல என்பார்கள். மனிதர் அந்தச் சங்கை ஒலிபெருக்கி வைத்து ஊதினார். தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு படிப்பவர் வாயை யார் பார்க்க முடியும்? அந்த மடத்தனம் முதல் தடவையாக அவளுக்கு உதவியது.

நவமணியின் கைகள் எழுந்தன. ஆலை. ரம்பம். விரல். சன்னாசி எழுந்து நின்று தன் கையை உயர்த்திக் காட்டினான். முன்வரிசைப் பையன்கள் தங்கள் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டார்கள். கடைசியில் கூடம் முழுக்கக் கைகள் மேலே எழுந்து அசைந்தன. அதுதான் அவர்களுடைய கைதட்டல். இத்தனை வருடத்தில் ஸ்கந்தராஜா கற்றுக்கொண்ட ஒரே சைகையும் அதுதான். உச்சி குளிர்ந்து கும்பிட்டார்.

வாசலில் நின்ற அப்பாவுவின் லாரியைச் சுற்றிக்கொண்டு பையன்கள் பஸ்ஸுக்கு நடந்தார்கள். ஒருவனும் ஏறவில்லை.

"ஆளுங்க எங்கய்யா?" என்று அப்பாவு கத்தினார்.

ஸ்கந்தராஜா நவமணியிடம் ஓடிவந்தார். "நான் வடிவாத்தானே கதைச்சனான்? நீ என்ன சொன்னனீ?"

இப்போதுதான் அவள் அவர் வாயைப் பார்த்தாள்.

"பேப்பர்ல எடமில்லன்னீங்கல்ல சார். அந்தச் செய்திய."