தையல்காரர் கேட்ட ரஷ்யக் கதைகள்

தையல்காரருக்குக் கை ஓட வேண்டுமானால் காதில் கதை ஓட வேண்டும். அவர் ஊசியும் நூலுமாக ஓரம் மடித்துத் தைக்க, மனைவி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நூலகத்துப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பாள். நாடகம் என்றால் இன்னும் குஷி. ஜெனரலுக்கு ஒரு குரல், வேலைக்காரிக்கு ஒரு குரல். அதிலும் ரஷ்யக்காரர்கள் எழுதியது என்றால் மனுஷனுக்கு உயிர்.

ஆனால் அந்த வாசிப்பில் அவள் ஒரு திருட்டுத்தனம் செய்துவந்தாள். முதன்முதலில் வாசித்த ரஷ்யக் கதையில் ஒரு படகுக்காரர் ஆற்றில் மூழ்கிச் செத்துப்போனார். அவ்வளவுதான், இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு சட்டையின் இரண்டு கைகளையும் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார். ராத்திரி சோறும் இறங்கவில்லை. சரி, இந்த ஆளுக்கு இது ஆகாது என்று அன்றைக்கே தீர்மானித்தாள். அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வந்தால் கண் புத்தகத்தில் இருக்கும், வாய் தன் பாட்டுக்கு வேறு சொல்லும். யாரும் சாகவில்லை.

இந்த லட்சணத்தில், ரஷ்யக் கதைகள் பற்றி வாசகர் கூட்டம் என்று நூலகத்தில் அறிவிப்பு வந்தது. அங்கே போனால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"கூட்டமெல்லாம் நமக்கு எதுக்குங்க?"

"ஏன், நாம வாசகர் இல்லையா?" என்று அவர் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார்.

கூட்டத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர் எழுந்து, "எல்லாமே சோகம். நம்பிக்கைக்கு இடமே இல்ல" என்றார். தையல்காரருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க? பனியில மாட்டின தபால்காரர் கடைசியில வீட்டுக்கு வந்து சூப் குடிக்கிறாரே! மக கல்யாணத்தையும் பாக்கிறாரே!"

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஐயா, அவர் பாலத்துக்கிட்டயே இறந்துடறாரே..." என்றார் நூலகர் அம்மா.

"நல்லாப் படிச்சுப் பாருங்கம்மா!"

இனி சும்மா இருந்தால் மனுஷனை ஊரே கேலி பேசும். அவள் எழுந்தாள்.

"அவர் மேல தப்பில்ல. நான்தான் முடிவை மாத்தி மாத்தி வாசிச்சேன்."

தையல்காரர் அவள் பக்கம் திரும்பினார். "அப்ப தபால்காரர்?"

"செத்துட்டாருங்க."

"நாடகத்துல வர்ற டாக்டர் பொண்ணு?"

"காய்ச்சல்ல போயிட்டா."

"அந்த ஆடு?"

"ஆட்டைக்கூட விட்டு வைக்கலீங்க."

நம்பிக் கேட்டவரை நாலு பேர் முன்னால் முட்டாளாக்கிவிட்டோமே என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுதேவிடுவாள் போலிருந்தது.

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தார்.

"இத்தனை பேர் படிச்சிருக்கீங்களே, யாராவது ஒரு உயிரைக் காப்பாத்தினீங்களா? இவ ஒருத்தி எல்லாரையும் காப்பாத்தியிருக்கா."