ஹைட்னர் வீட்டு ஈஸ்ட்

ஹைட்னர் குடும்பத்து பீர் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது ருசியால்தான் என்று வெண்டெலின் ஹைட்னர் பீற்றிக்கொண்டு திரிந்தான். சம்மட்டியால் பரவியது என்பது அவன் தங்கை ஒட்டிலிக்குத் தெரியும். அப்பா கண்ணை மூடியதும் ஃபிராங்கோனிய மலையடிவாரத்தில் ஊர் ஊராகப் போய், பீர் காய்ச்சுகிறவர்களின் கொப்பரைகளை நசுக்கி, இனி அவனுடைய பீரைத்தான் விற்போம் என்று சத்தியம் வாங்கிவந்தான். மிஞ்சியது ஒட்டிலி வாழ்க்கைப்பட்ட வீட்டின் பீர்க்கடை ஒன்றுதான்.

ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் மேலே கடையில் குடித்துக்கொண்டிருந்தபோதே வண்டிக்காரர்களோடு வந்து இறங்கினான். நிலவறைக் கதவு ஒரே அடியில் பெயர்ந்தது. பீப்பாய்கள் பிளந்து, பீர் கணுக்கால்வரை நுரைத்தது. குறுக்கே பாய்ந்த ஒட்டிலியின் புருஷன் எண்ட்ரெஸின் வலது கையைப் பீப்பாய்மேல் அழுத்திப் பிடித்து, வெண்டெலின் சம்மட்டியை இறக்கினான். அந்த அலறல் மேலே இருந்தவர்களுக்கும் கேட்டது. ஒருத்தன்கூட எழுந்திருக்கவில்லை, கோழைப் பயல்கள்.

"மாப்ள, இனிமே இடது கையால ஊத்தப் பழகிக்க. என் பீரை!"

மூலையிலிருந்த மண்சாடியை ஒட்டிலி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கல்யாணத்தன்று அப்பா கொடுத்தனுப்பிய ஈஸ்ட். ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் அடியில் தங்குவதை அடுத்ததில் விட்டு, இத்தனை காலம் அதை உயிரோடு வைத்திருந்தாள்.

"அண்ணே, இது அப்பாவோடது. இதை மட்டும் விட்டுடு."

"எங்கிட்ட தொட்டி தொட்டியா கெடக்குடி!" சாடியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான்.

அடுத்த கோடையில் அவனுடைய புது ஆலையில் ஏதோ தொற்றி, தொட்டி தொட்டியாக இருந்த ஈஸ்ட் அத்தனையும் கெட்டது. எல்லா ஊரிலும் அவன் பீர் மட்டுமே. ஆகவே எல்லா ஊரிலும் காடி. குடிக்க வந்தவர்கள் அவன் வண்டிகளைக் கொளுத்தினார்கள், வண்டிக்காரர்களின் மண்டையைப் பிளந்தார்கள். ஈஸ்ட் கேட்டு வந்தவனை, எதிரியே ஆனாலும், வெறுங்கையோடு அனுப்புவதில்லை அந்தப் பக்கத்தில். ஆனால் கொடுப்பதற்குப் பள்ளத்தாக்கில் ஒருவரையாவது அவன் விட்டுவைத்தானா? மலைக்கு அப்பாலுள்ளவர்களோ நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

நெற்றி கிழிந்து ரத்தம் வழிய, வாளியோடு தங்கை வாசலில் வந்து நின்றான்.

"ஒட்டிலி, நீ கொஞ்சமாவது ஒளிச்சு வெச்சிருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு? ஈஸ்ட் கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாதும்மா. அப்பாவே சொல்வாரே."

எண்ட்ரெஸ் இடது கையில் சம்மட்டியைத் தூக்கிவிட்டான்.

"நீங்க சும்மா இருங்க," என்று அவனைத் தள்ளிவிட்டு, ஒட்டிலி விளக்கோடு அண்ணனை நிலவறைக்குக் கூட்டிப்போனாள். சாடி உடைந்த சில்லுகளை அவள் இன்னும் பெருக்கவில்லை. சுவரில் வழிந்தது கறுத்துக் காய்ந்திருந்தது.

"நான் இல்லேன்னு சொல்லல அண்ணே. அந்தா இருக்கு. வழிச்சு எடுத்துக்க."

வெண்டெலின் சுவரையே பார்த்தான். பிறகு வாளியைக் கீழே வைத்து, மண்டியிட்டு, நகத்தால் சுரண்ட ஆரம்பித்தான். விரல்களில் ரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. ஒட்டிலி படியில் உட்கார்ந்து மனசாரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.