மாப்பிள்ளையின் கரண்ட்

ஒட்சிசன் மெஷின் விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியபோது, "நல்லா காத்து வருது மகன்" என்றார் என் வாப்பா. அதைச் சொன்னது என் கணவர் ருஷ்தியிடம். ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பள்ளிவாசல் நிர்வாகி பஹ்மி நானா, கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வாப்பாவின் உதட்டைப் பார்த்தேன். நாவல்பழம் தின்றவருடையது போல அது நிறம் மாறியிருந்தது. நல்லா காத்து வருகிறதாம்.

பெருமழையில் மண் சரிந்து கம்பங்கள் விழுந்த நாளிலிருந்து மடவளையில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. நெஞ்சு கெட்டுப்போன வாப்பாவுக்கு மெஷின் ஓடாவிட்டால் மூச்சு இல்லை. அதனால் நான் கட்டுகஸ்தோட்டை வரை அலைந்து, கண்டவர் காலில் எல்லாம் விழாத குறையாக ஒரு சிலிண்டர் கொண்டுவந்து வைத்திருந்தேன். இன்று காலை அதை மூடிக் கதவோரம் தள்ளி வைத்தவர் ருஷ்தி. முன்வாசலில் அவர் செய்து வைத்திருக்கும் சாமானிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு வயரை இழுத்து மெஷினுக்குக் கொடுத்தார். இனி எவன் கரண்டும் தேவையில்லை என்றார்.

அந்தச் சாமானைப் பற்றிச் சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மோட்டார், அதோடு பெல்ட் போட்டு ஒரு டைனமோ. மோட்டார் டைனமோவைச் சுற்றுமாம். டைனமோ தரும் கரண்டில் அதே மோட்டார் ஓடுமாம். ஓடியது போக மிச்சம் வீட்டுக்காம். ஒரு சட்டிச் சோற்றை மறு சட்டியில் கொட்டி, திரும்ப இந்தச் சட்டியில் கொட்டினால் சோறு பெருகுமா என்று கேட்டேன். உங்களுக்கு விளங்காது என்றார். பெரிய கம்பெனிகள் மறைத்து வைத்த இரகசியமாம். அது போனில் இவருக்கு மட்டும் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அடியில் ஒரு பெட்டரியும் உண்டு, ஸ்டார்ட் பண்ண மட்டும் என்பார். அதைக் கழற்றிய ஒவ்வொரு தடவையும் சாமான் நின்றது. பெல்ட் சரியில்லை, காந்தம் சரியில்லை, என் வாய் சரியில்லை என்று காரணங்கள் மட்டும் நிற்காமல் ஓடின.

ஓடுவது அந்தப் பெட்டரியில்தான் என்பது வாப்பாவுக்கும் தெரியும். ஆனால் அவர் சொல்லமாட்டார். எங்களுக்குள் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதுதான் வழக்கம். வந்தவரின் முகம் வாடக்கூடாது என்பதை வாப்பா ஐந்து நேரத் தொழுகைக்கு அடுத்த கடமையாக வைத்திருக்கிறார். மீனில் நடுத்துண்டு மாப்பிள்ளைக்கு. பேச்சில் கடைசி வார்த்தை மாப்பிள்ளைக்கு. இப்போது மூச்சையும் அவருக்கே கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மரியாதையை அன்றைக்கு நான் மனதார வெறுத்தேன்.

மெஷின் பழசு, அதனால்தான் கத்துகிறது என்று ருஷ்தி விளக்கம் சொன்னார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூ செய்யும் தொட்டியின் பம்புக்கு இப்படி ஒன்று பூட்டலாமா என்று பஹ்மி நானா கேட்டார். கேட்டதுதான் தாமதம், இவர் அவரைச் சாமானைக் காட்ட வெளியே கூட்டிக்கொண்டு போனார். நான் சிலிண்டரை இழுத்தேன். வாப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் குளிர்ந்திருந்தன.

"பஹ்மி போகட்டும் மகள். மாப்பிள்ளைக்கு வெக்கமாப் போயிடும்."

"மூச்சு நிண்டு நீங்க மௌத்தானா அவருக்கு வெக்கமில்லயா வாப்பா?"

அவர் பிடியை விடவில்லை. அந்த நேரம் குசினியில் பிரிட்ஜ் உறுமியது. கரண்ட் வந்துவிட்டது. நான் வாப்பாவின் கையை உதறிவிட்டு, மெஷினின் வயரை ருஷ்தியின் வயரிலிருந்து பிடுங்கிச் சுவர் பிளக்கில் செருகினேன். அவருடைய வயரைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கத்தல் நின்றது. கொஞ்ச நேரத்தில் வாப்பாவின் உதடு தன் நிறத்துக்குத் திரும்பியது. எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

திரும்பி வந்த ருஷ்தி வாசலிலேயே நின்று வாப்பாவைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். எனக்கு இருக்கவில்லை.

"பாருங்க நானா, மாமாட முகத்த. கத்துறதும் நிண்டுட்டு. எல்லாம் நம்மட கரண்ட்." சிலிண்டரைக் கையால் தட்டினார். "இத இண்டைக்கே திருப்பிக் குடுத்துருவம். இனி என்னத்துக்கு?"

வாப்பா சிரித்தார். பஹ்மி நானா மாஷா அல்லாஹ் என்றார். ருஷ்தி போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினார். ஜன்னலைக் காட்டினார், மெஷினைக் காட்டினார், வாப்பாவின் மூக்குக்குப் போகும் குழாயைக் காட்டினார். நான் பிளக்கை மறைத்துக்கொண்டு சுவரோடு நின்றேன். அங்கே நிற்கச் சொல்லி வாப்பாவின் கண்கள் என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தன. வந்த கரண்ட் எத்தனை நேரம் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? அது போகும்போது சிலிண்டரும் வீட்டில் இருக்காது. வாப்பா நல்லா காத்து வருது மகன் என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேருவார்.

"றம்ஸியா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் ருஷ்தி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "சுவர்ல ஒரு வயரும் இல்லயெண்டு ஆக்களுக்குக் காட்டணும்."

வாப்பா தலையணையில் தலையை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தார். வேண்டாம் மகள்.

நான் தள்ளி நின்றேன்.

வாப்பா கண்களை மூடிக்கொண்டார். பஹ்மி நானா தன் தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைத் தடவிப் பார்க்கத் தொடங்கினார். ருஷ்தி போனை இறக்கவில்லை. அதன் திரையில் சுவரும், வெள்ளைப் பிளக்கும், அதிலிருந்து வாப்பாவின் கட்டில் வரை வரும் வயரும் அசையாமல் தெரிந்துகொண்டிருந்தன.