வானத்துக்கு ஒரு வாடகை வீடு

லோஷினிக்கு ஒரு வானத்தைக் குடிவைக்க இடம் தேவைப்பட்டது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வீடு அமைந்தாக வேண்டும்.

அவள் செய்துகொண்டிருந்தது பட்டம் விடும் விளையாட்டு. கைப்பேசித் திரையில் விரலால் நூலை இழுத்தால் பட்டம் ஏறும். அடுத்தவர் நூலை நாம் அறுக்கலாம், நம்முடையதை அவர் அறுக்கலாம். இந்த மாதிரி விளையாட்டுகளில் ஆட்டக்காரர்களை நூறு நூறு பேராகப் பிரித்து, தனித்தனி அறைகளில் போட்டுவிடுவார்கள். லோஷினி அதற்கு மசியவில்லை. எத்தனை லட்சம் பேர் வந்தாலும் எல்லாருக்கும் ஒரே வானம், யார் பட்டமும் யார் கண்ணிலும் படவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஜொகூரின் கெலாங் பாத்தாவில், ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த அந்தச் சின்ன நிறுவனத்தில் மூன்று வருஷமாக அதையே கட்டிக்கொண்டு மாரடித்தாள்.

முதலாளி பிரேமகுமார் நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் கண்ணால் பார்த்தால் ஒழிய நம்பமாட்டார்.

“சனிக்கிழமை வெள்ளோட்டம். நாடு முழுக்கத் திறந்து விடறோம். பட்டம் திக்கித் திணறினா மறுநாளே அறை அறையா பிரிச்சிடுவோம். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது லோஷினி” என்று சொல்லிவிட்டார்.

விளையாட்டின் வானம் நம் கைப்பேசிக்குள் இருப்பதில்லை. எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் அடுக்கி வைத்த கணினிகளில் இருக்கிறது. நம் விரலின் ஒவ்வோர் இழுப்பும் அங்கே ஓடி, சேதி சொல்லித் திரும்புகிறது. அதற்குப் பிறகுதான் பட்டம் அசைகிறது. அப்படிப்பட்ட கணினிகளை வாடகைக்கு விடும் கிளவுட் நிறுவனங்களில் இரண்டு கடைசிவரை போட்டியில் நின்றன. ஒன்று சிங்கப்பூரில் பேர் போனது. இன்னொன்று இங்கேயே கூலாய்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் புதிதாகத் திறந்தது.

சோதித்துப் பார்த்ததில் சிங்கப்பூர் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தது. கூலாய் அசமந்தமாகத் திரும்பிப் பார்த்தது. அலுவலகத்தில் யாருக்கும் இதில் ஆச்சரியமில்லை.

“சிங்கப்பூர்னா சிங்கப்பூர்தான் லா” என்றான் ஜீவன். அவளோடு நிரல் எழுதுகிறவன், அங்கே சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். ஜொகூரில் பிறந்தவர்களுக்கு, சிங்கப்பூருக்குப் போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் ஒரு படி மேல்தான். லோஷினியும் ஜொகூரில் பிறந்தவள். சிங்கப்பூர் என்றே முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை பொதுவிடுமுறை. சிம்பாங் ரெங்கத்தில் இருந்த அக்கா மலர் வீட்டுக்குப் போனாள். அக்காவின் கைப்பேசியிலும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். மலர் நூலை இழுத்தாள். பட்டம் கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறியது.

“என்னடி இது? மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி, கூப்பிட்டாதான் எழுந்திரிக்குது!”

லோஷினி அலுவலகத்தின் சோதனைக் கைப்பேசியை எடுத்து இழுத்தாள். பட்டம் விரலோடு சேர்ந்தே பறந்தது. ஒரே வீடு, ஒரே மேசை. கைப்பேசிகளை மாற்றிக்கொண்டு பார்த்தார்கள். அக்கா கைக்கு வந்ததும் சோதனைக் கைப்பேசி பறந்தது, இவள் கையில் மற்றது தூங்கி வழிந்தது. விரலில் குற்றமில்லை.

அப்போதுதான் சோதனைக் கைப்பேசித் திரையின் மேல்விளிம்பு அவள் கண்ணில் பட்டது. அங்கே ஒரு சிங்கப்பூர்த் தொலைபேசி நிறுவனத்தின் பெயர் இருந்தது. உடனே ஜீவனை அழைத்தாள்.

“ஜீவன், டெஸ்ட் போன்ல எல்லாம் எந்த சிம் போட்டிருக்க?”

“சிங்கப்பூர் சிம்தான். டேட்டா நிறைய தர்றான், இந்தப் பக்கமும் வேலை செய்யும்னு மொத்தமா வாங்கிட்டு வந்தேன்…” அவனுக்கு உறைத்தது. “அலமாக்!”

ஜொகூரில் பாதிப் பேர் பையில் அப்படி ஒரு சிம் கிடக்கும். அதை வெளிநாட்டுச் சாமானாக யாரும் நினைப்பதே இல்லை. ஆனால் அதில் போகும் எந்தச் சேதியும் முதலில் நீரிணையைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போய்விட்டுத்தான் வேறெங்கும் போகும். கூலாய்க் கட்டடத்துக்கு அனுப்பிய ஒவ்வோர் இழுப்பும் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. கெலாங் பாத்தாவில் உட்கார்ந்துகொண்டு இத்தனை நாளும் சிங்கப்பூர்க்காரர்களாகவே அளந்திருக்கிறார்கள்.

உள்ளூர் சிம் போட்டிருந்த மலரின் கைப்பேசியைக் கூலாய்க்குத் திருப்பினாள். மலர் இழுத்தாள்.

“அட, இப்ப சொன்ன பேச்சு கேக்குது!”

பிரேமகுமாரை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

“சிங்கப்பூர்க்காரன் பெரிய கூட்டத்தைத் தாங்கிப் பழகினவன். மெதுவா ஓடினாலும் விழமாட்டான். கூலாய்க்காரன் நேத்து முளைச்சவன். விழுந்துட்டா என்ன செய்வீங்க?”

“விழுந்தா அறைகளை நானே கட்டித் தர்றேன் சார்.”

“சரி, மாத்துங்க” என்றார் அவர்.

சனிக்கிழமை காலை அக்கா வீட்டிலிருந்தபடியே அவளும், அலுவலகத்திலிருந்து ஜீவனும் வானத்தை மூட்டை கட்டிக் கூலாய்க்கு மாற்றினார்கள். மதியம் நெடுஞ்சாலையில் கெலாங் பாத்தாவுக்குத் திரும்பும் வழியில், மனம் கேட்காமல் கூலாய்ப் பக்கம் வண்டியைத் திருப்பினாள். இத்தனை வருஷம் இந்தக் கணினிகளோடு மல்லுக்கட்டியவள் ஒருநாளும் அவற்றின் வீட்டைப் பார்த்ததில்லை. செம்பனைகளுக்கு மேலே அது எழுந்து நின்றது. சாம்பல் நிறம், ஜன்னலே கிடையாது, முடிவு எங்கே என்று தெரியாத நீளம். வேலிக்கு வெளியே நின்றவளுக்கு அதன் இரைச்சல் உள்ளங்கால் வழியே ஏறியது. தன் வானம் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. கும்பிடவேண்டும்போல் இருந்தது. காவலாளி பார்த்துக்கொண்டிருந்ததால் கும்பிடவில்லை.

சாயங்காலம் திறந்துவிட்டார்கள். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பட்டங்கள் எழுந்தன. பிறகு கூட்டம் கூட்டமாக வந்தன. பெர்லிசிலிருந்து வந்தன, பத்து பாகாட்டிலிருந்து வந்தன, கடல் தாண்டி சபாவிலிருந்து வந்தன. லோஷினி திரையில் வானத்தைச் சின்னதாக்கி, பின்னுக்கு நகர்ந்து பார்த்தாள். பட்டங்கள். இன்னும் பின்னுக்கு நகர்ந்தாள். இன்னும் பட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் எங்கோ ஒரு மனிதரின் விரல் இருந்தது. அந்த விரல் அசைந்தால் பட்டம் அசைந்தது. ஒன்றுகூடத் திக்கவில்லை. லோஷினி கண்ணைத் துடைக்கக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தான் கட்டியதுதானா இது என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

பிரேமகுமார் ஒரு சிவப்புப் பட்டம் விட்டிருந்தார். நூலைத் தளர்த்தி, வானத்தின் ஓரத்தைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தார்.

“இதுக்குக் கரை எங்க?” என்றார் மெல்ல.

“இல்ல சார்.”

அவர் அண்ணாந்த கண்ணோடு இருந்த நேரம் பார்த்து ஒரு பச்சைப் பட்டம் குறுக்கே பாய்ந்தது. சிவப்பு நூல் அறுந்தது. ‘மலர், சிம்பாங் ரெங்கம்’ என்று எழுத்து மின்னி மறைந்தது. பச்சை கூட்டத்துக்குள் புகுந்துவிட்டது.

“யார் இது?” பிரேமகுமார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். லோஷினி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் அவசரமாக அடுத்த பட்டத்தை ஏற்றினார்.

“சார், அறையா பிரிக்கிறதைப் பத்தி…” என்று ஆரம்பித்தான் ஜீவன்.

“அறையா? பிரிச்சுட்டா இந்த மலரை நான் எங்க போய்த் தேடுறது?” என்றார் பிரேமகுமார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.