தின்னர் ஊற்றித் துடைத்த கதவு

கிறுக்கலாம்! எங்கள் எழுத்துக்குப் புது மேலாளர் வைத்த பெயர் அது. லிஃப்ட் பழுது பார்க்கிற நாங்கள் ஒவ்வொரு கட்டடத்திலும் கண்ட்ரோல் பெட்டிக் கதவின் உட்பக்கம் மார்க்கரால் எழுதிவைப்போம். எந்த மாடிக் கதவு மக்கர் பண்ணும், எதைத் தொட்டால் ஆள் காலி, எல்லாம் அங்கே இருக்கும். அடுத்து வருகிறவர் பெட்டியைத் திறந்தாலே கண்ணில் படும்.

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க. யார் வேணும்னாலும் பாத்துக்கலாம்" என்றார் மேலாளர்.

"கதவுலயும் இருந்துட்டுப் போகட்டுமே சார்."

"ஒரே விஷயம் ரெண்டு இடத்துல எதுக்கு?"

மூன்று நாள் மாங்கு மாங்கென்று உட்கார்ந்து இருநூறு கட்டடங்களின் குறிப்புகளை ஏற்றினேன். பிறகு ஆள் வைத்து, தின்னர் ஊற்றி, கதவுகளையெல்லாம் துடைத்துவிட்டார்கள்.

போன செவ்வாய் என் தங்கையின் கணவர் ஒரு துணிக்கடைக்குப் போனார். அவரும் எங்கள் மெக்கானிக்தான். லிஃப்டுக்குள் இரண்டு பேர் மாட்டியிருந்தார்கள். எனக்கு போன் வந்தது.

"மச்சான், குறிப்பு திறக்க மாட்டேங்குது. மெயினை ஆஃப் பண்ணிட்டேன். வேற ஏதாவது இருக்கா?"

"கை வைக்காதீங்க மாப்பிள்ளே. பாத்துச் சொல்றேன்."

இருநூறில் இது எது என்று எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். பார்க்க அனுமதி இல்லையாம். நான் எழுதியதை நானே பார்க்கக் கூடாதாம்! அதிகாரிகளுக்கு மட்டும் என்று பூட்டிவைத்திருக்கிறார்கள். மேலாளரைக் கூப்பிட்டால், மீட்டிங்கில் இருக்கிறாராம். அதற்குள் உள்ளே இருந்த பெண் மூச்சு முட்டுகிறது என்று கதற, மாப்பிள்ளை பொறுக்க மாட்டாமல் ஒரு ஒயரைத் தொட்டுவிட்டார். பக்கத்து லிஃப்டிலிருந்து அதில் கரண்ட் வந்துகொண்டிருந்தது.

உயிர் தப்பியது. வலது கை வெந்துபோனது. விரல்கள் இனி மடங்குமா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார்.

மறுநாள் மேலாளர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தாளோடு வந்தார். எச்சரிக்கை கணினியில் இருந்தது, ஊழியர்தான் பார்க்கவில்லை என்று அதில் அடித்திருந்தது. கீழே மாப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"பூட்டி வச்சது யாரு சார்?" என்றேன்.

"அதை அப்புறம் பேசிக்கலாம். இது சும்மா ஃபார்மாலிட்டி."

"எந்தக் கையால சார் போடுவாரு?" என்றாள் தங்கை.

அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார் மனுஷன். பையிலிருந்து மை டப்பாவை எடுத்துத் திறந்தார். மாப்பிள்ளையின் இடது கைப் பெருவிரலைப் பிடித்தார்.

"விடுங்க சார். அவருக்கு மிச்சம் இருக்கறது அந்தக் கை ஒண்ணுதான்" என்று டப்பாவைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்தேன்.